விரியும் அண்டம், மறைந்திருக்கும் இறைவன்

வாசகர் கேள்வி – பதில்

பிரபஞ்சம் விரிகிறது என்ற செய்தியையும் கடவுளையும் சேர்த்து வைத்துக் கேட்கும் கடிதங்கள் நிறைய வந்திருக்கின்றன. ஒரே பொருளைத் தொடும் ஏழு கேள்விகளை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி (காரைக்குடி): பிரபஞ்சம் விரிகிறது என்றால், விரிவதற்கு வெளியே இடம் வேண்டுமே? அந்த வெளியில்தான் கடவுள் இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாமா?

வெளியே இடம் தேவையில்லை. வாயால் சொன்னால் இது மனத்தில் ஒட்டாது, கையால் செய்து பாருங்கள். தையல் சாமான் கடையில் அரை அங்குல எலாஸ்டிக் நாடா 30 செ.மீ. வாங்குங்கள். பிடித்துக்கொள்ள இரண்டு முனையிலும் 5 செ.மீ. விட்டுவிட்டு, நடுவில் உள்ள 20 செ.மீ. நீளத்துக்கு 2 செ.மீ. இடைவெளியில் பதினொரு சிறிய சட்டைப் பொத்தான்களைத் தையுங்கள். நடுப் பொத்தான் நம் பால்வீதி. இருவர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, அந்த 20 செ.மீ. 30 செ.மீ. ஆகும்வரை இழுங்கள். பக்கத்துப் பொத்தான் 2 செ.மீ. தூரத்திலிருந்து 3 செ.மீ.க்குப் போயிருக்கும், விலகியது 1 செ.மீ. கடைசிப் பொத்தான் 10லிருந்து 15க்குப் போயிருக்கும். விலகியது 5 செ.மீ. ஐந்து மடங்கு தூரத்தில் இருந்தது அதே நேரத்தில் ஐந்து மடங்கு விலகிவிட்டது. இப்போது வேறு எந்தப் பொத்தானையாவது வீடாக வைத்து மறுபடி அளந்து பாருங்கள், கணக்கு மாறாது. மையம் என்று எதுவும் இல்லை.

இதில் வழக்கமாக நடக்கும் தவறு, நாடாவின் ஒரு முனையை ஆணியில் மாட்டிவிட்டு மறுமுனையை மட்டும் இழுப்பது. அப்போது ஆணிதான் மையம் என்று கண் ஏமாறும். இன்னொன்றையும் கவனியுங்கள்: நாடா நீண்டது, பொத்தான் பெரிதாகவில்லை. கேலக்ஸிகளும், அதாவது பால்வீதி போன்ற விண்மீன் கூட்டங்களும், அப்படித்தான். அவற்றை ஈர்ப்பு விசை கட்டி வைத்திருக்கிறது. உங்கள் வீடும் சூரியக் குடும்பமும் விரிவதில்லை. நாடாவுக்கு முனை உண்டு, அதைச் சுற்றி அறை உண்டு. பிரபஞ்சத்துக்கு அந்த இரண்டும் இருந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. உவமை அந்த இடத்தோடு நின்றுவிடுகிறது.

கடவுளை வெளியே உட்கார வைப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வெளி என்பதும் ஓர் இடம்தான். அங்கே இருப்பவர் இடத்துக்குக் கட்டுப்பட்டவர் ஆகிவிடுவார். எல்லாவற்றையும் கடந்தும் உள்ளேயும் இருப்பவர் என்று கடவுள் என்ற சொல்லுக்குப் பலர் விளக்கம் சொல்கிறார்கள். அந்தக் ‘கடந்து’ என்பது வேலியைத் தாண்டி அந்தப் பக்கம் நிற்பது அல்ல.

கேள்வி (திருநெல்வேலி): விரிகிறது என்பதை யார் பார்த்தார்கள்? அதுவும் ஒரு நம்பிக்கைதானே?

இல்லை, அளவீடு. நீங்களே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. ஒளியை நிறங்களாகப் பிரித்துப் பார்த்தால் ஹைட்ரஜன் காட்டும் சிவப்புக் கோட்டின் அலைநீளம் ஆய்வகத்தில் 656.3 நானோமீட்டர். தொலைவில் உள்ள ஒரு கேலக்ஸியின் ஒளியில் அதே கோடு 669.4இல் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேலக்ஸி விலகுவதால் அலை நீண்டிருக்கிறது, வித்தியாசம் 13.1. அதை 656.3ஆல் வகுத்தால் 0.02. ஒளியின் வேகமான நொடிக்கு 3 லட்சம் கி.மீ.யால் பெருக்கினால், விலகும் வேகம் நொடிக்கு 6,000 கி.மீ. ஒவ்வொரு மெகாபார்செக் தூரத்துக்கும், அதாவது 32.6 லட்சம் ஒளியாண்டுக்கும், வேகம் நொடிக்குச் சுமார் 70 கி.மீ. கூடுகிறது. 6,000ஐ 70ஆல் வகுத்தால் சுமார் 86 மெகாபார்செக், ஏறத்தாழ 28 கோடி ஒளியாண்டு.

பக்கத்தில் உள்ள கேலக்ஸிகளுக்கு இந்தக் கணக்கைப் போட்டால் தப்பாகிவிடும். அவை ஒன்றையொன்று ஈர்த்து நொடிக்குச் சில நூறு கி.மீ. வேகத்தில் தம்போக்கில் நகர்கின்றன. விரிவின் வேகம் அதற்குள் மூழ்கிவிடும். பக்கத்துக் கேலக்ஸியான ஆண்ட்ரோமெடா நம்மை நோக்கித்தான் வந்துகொண்டிருக்கிறது. 1912இல் வானியலாளர் ஸ்லைஃபர் அதை முதன்முதலில் அளந்தபோதே நொடிக்கு 300 கி.மீ. நெருங்குவதாகத்தான் கண்டார்.

அந்த 70 என்ற எண்ணிலும் இன்று தகராறு இருக்கிறது. பிரபஞ்சத்தின் தொடக்கக் காலத்திலிருந்து இன்றும் வந்துகொண்டிருக்கும் ஆதி ஒளியின் எச்சத்தை வைத்துக் கணக்கிட்டால் சுமார் 67.4 வருகிறது, விண்மீன்களையும் வெடிக்கும் விண்மீன்களையும் படிப்படியாக அளந்து போனால் சுமார் 73. ஏன் என்று இன்னும் தீரவில்லை. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பதிலில் தேவைப்படும்.

கேள்வி (வேளாங்கண்ணி): பெருவெடிப்பைச் சொன்னவரே ஒரு கத்தோலிக்கக் குருவானவர் என்று படித்தேன். அப்படியானால் ‘ஒளி உண்டாகட்டும்’ என்ற வசனம் அறிவியலால் நிரூபணம் ஆகிவிட்டது அல்லவா?

இந்தக் கேள்விக்கு அந்தக் குருவானவரே பதில் சொல்லியிருக்கிறார். அவர் பெயர் ஜார்ஜ் லெமெத்ர். 1894இல் பெல்ஜியத்தில் பிறந்தவர், 1923இல் குருப்பட்டம் பெற்றவர். 1927இல், பிரபஞ்சம் விரிகிறது என்பதை ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்து வருவித்து, அந்த விரிவின் வேகத்தையும் கணக்கிட்டு, பெல்ஜிய ஆய்விதழ் ஒன்றில் பிரெஞ்சில் வெளியிட்டார். அதிகம் பேர் படிக்கவில்லை. அதே ஆண்டு பிரஸ்ஸல்ஸில் அவரைச் சந்தித்த ஐன்ஸ்டைன், கணக்கு சரி, இயற்பியல் சகிக்கவில்லை என்ற பொருளில் சொல்லிவிட்டார். 1929இல் வானியலாளர் ஹப்பிள் அளவீடுகளோடு வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 2018இல்தான் சர்வதேச வானியல் ஒன்றியம், தூரம் கூடக் கூட விலகும் வேகமும் கூடும் என்ற விதியை ஹப்பிள்–லெமெத்ர் விதி என்று அழைக்கப் பரிந்துரைத்தது.

பலர் தவறவிடும் ஒரு விஷயம்: 1927ஆம் ஆண்டுக் கட்டுரையில் தொடக்கமே கிடையாது. அதில் பிரபஞ்சம் முடிவில்லாத பழங்காலத்தில் அசையாமல் இருந்து, மெல்ல விரியத் தொடங்குகிறது. விரிவு வேறு, தொடக்கம் வேறு. ‘ஆதி அணு’ ஒன்றிலிருந்து எல்லாம் தொடங்கியது என்ற கருத்தை அவர் முன்வைத்தது 1931இல், ‘நேச்சர்’ இதழுக்கு எழுதிய ஒரு சிறு கடிதத்தில். அதன் தட்டச்சுப் பிரதியின் கடைசியில் ஒரு பத்தி இருந்தது: கடவுளை நம்புகிறவர் அவர் மறைந்திருப்பவர் என்றும் நம்புகிறார், இன்றைய இயற்பியல் படைப்பின் மேல் ஒரு திரையை இடுவதைக் கண்டு அவர் மகிழலாம் என்ற கருத்து அதில் இருந்தது. அச்சுக்கு அனுப்புமுன் லெமெத்ர் அந்தப் பத்தியைக் கோடிட்டு அடித்துவிட்டார். நம்பிக்கை குறைந்து அடிக்கவில்லை. இயற்பியல் கடிதத்தில் அது நிற்க வேண்டிய இடம் இல்லை என்பதுதான் பிற்காலத்தில் அவர் விடாமல் காத்த நிலை.

1951 நவம்பர் 22 அன்று திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் (பயஸ்), போப்பின் அறிவியல் கழகத்தில் ஆற்றிய உரையில், இன்றைய அறிவியல் ஆதியில் ஒலித்த ‘ஒளி உண்டாகட்டும்’ என்ற சொல்லுக்குச் சாட்சி சொல்கிறது என்றார். நீங்கள் கேட்பதும் அதுதான். அந்தக் கழகத்தின் உறுப்பினரான லெமெத்ர் இதில் மகிழவில்லை, கவலைப்பட்டார்.

கவலைக்குக் காரணம் இருந்தது. அன்று கையில் இருந்த விரிவு வேகம், ஹப்பிளின் கணக்குப்படி, மெகாபார்செக்குக்குச் சுமார் 500. இன்றைய 70ஐப் போல ஏழு மடங்கு. அந்த எண்ணைத் தலைகீழாக்கினால் பிரபஞ்சத்தின் வயது சுமார் 200 கோடி ஆண்டு என்றுதான் வரும். பூமியின் பாறைகளோ அதைவிடப் பழையவை என்று கதிரியக்க அளவீடுகள் காட்டிக்கொண்டிருந்தன. பிள்ளைக்கு அம்மாவைவிட வயது அதிகம் என்ற நிலை. அப்படிப்பட்ட கொள்கையின் மேல் வேதத்தை ஏற்றி வைத்தால், கொள்கை சரியும் நாளில் வேதமும் சரியும். லெமெத்ரும் வத்திக்கான் வானாய்வகத்தின் இயக்குநர் டேனியல் ஓகானெலும் இதைத் திருத்தந்தையின் பார்வைக்குக் கொண்டுபோனார்கள். 1952 செப்டம்பரில் ரோமில் கூடிய வானியலாளர்களிடம் அவர் பேசியபோது, அந்த ஒப்பீட்டை மறுபடி சொல்லவில்லை. அதே ரோம் மாநாட்டில்தான் வானியலாளர் வால்டர் பாடே, தூரத்தை அளக்க உதவும் செஃபீட் விண்மீன்களில் இரண்டு வகை உண்டு, கேலக்ஸிகளின் தூரம் நாம் நினைத்ததைப் போல இரு மடங்கு என்று அறிவித்தார். பிரபஞ்சத்தின் வயது ஒரே நாளில் இரண்டு மடங்கானது. இன்றைய மதிப்பு 1,380 கோடி ஆண்டு.

1958இல் லெமெத்ர் வெளிப்படையாகவே சொன்னார்: இந்தக் கொள்கை சமயக் கேள்விகளுக்கு முற்றிலும் வெளியே நிற்கிறது, கடவுள் இல்லை என்பவருக்கும் இதில் இடம் உண்டு, நம்புகிறவருக்கோ, கடவுளைத் தொட்டுவிடலாம் என்ற எண்ணத்தை இது எடுத்துவிடுகிறது, இறைவாக்கினர் எசாயா சொன்ன மறைந்திருக்கும் கடவுளோடு இது ஒத்துப்போகிறது. 1966 ஜூனில் அவர் இறப்பதற்குச் சற்று முன்புதான், ஆதி ஒளியின் எச்சமான நுண்ணலைகளை பென்சியாஸும் வில்சனும் கண்டுபிடித்த செய்தி அவருக்கு எட்டியது.

கேள்வி (மதுரை): ‘நூற்றொரு கோடியின் மேற்பட விரிந்தன’ என்று மாணிக்கவாசகர் அன்றே பாடிவிட்டார். விரியும் பிரபஞ்சத்தை முதலில் சொன்னது திருவாசகம்தானே?

திருவாசகத்தின் திருவண்டப்பகுதி இப்படித் தொடங்குகிறது:

அண்டப் பகுதியின் உண்டைப் பிறக்கம்
அளப்பருந் தன்மை வளப்பெருங் காட்சி
ஒன்றனுக் கொன்று நின்றெழில் பகரின்
நூற்றொரு கோடியின் மேற்பட விரிந்தன
இன்னுழை கதிரின் துன்னணுப் புரையச்
சிறிய ஆகப் பெரியோன்

நிதானமாகப் படியுங்கள். அண்டங்கள் உருண்டை உருண்டையாக எண்ணிறந்து விளங்குகின்றன. ஒன்றின் அழகை ஒன்றோடு ஒப்பிட்டுச் சொல்லப் போனால் அவை நூற்றொரு கோடிக்கும் மேலாகப் பரந்து கிடக்கின்றன. ‘விரிந்தன’ என்பது இங்கே பரப்பைச் சொல்கிறது. கடல் விரிந்து கிடக்கிறது என்று சொன்னால் கடல் நாளுக்கு நாள் வளர்கிறது என்று யாரும் பொருள் கொள்வதில்லை. அறிவியல் சொல்லும் விரிவுக்கு இரண்டு அடையாளம் வேண்டும்: இடைவெளி காலப்போக்கில் கூட வேண்டும், தூரத்தில் இருப்பது அதிக வேகமாக விலக வேண்டும். இரண்டும் இந்த வரியில் இல்லை.

அது குறையும் அல்ல, ஏனென்றால் பாட்டின் உயிர் அடுத்த வரியில் இருக்கிறது. இல் நுழை கதிர்: வீட்டுக்குள் நுழையும் வெயில். ஓட்டு வீட்டில் காலை வேளையில், ஓட்டு இடுக்கு வழியாக ஒரு விரல் பருமனுக்கு வெயில் சாய்வாக இறங்கும். அதுவரை காற்று வெறுமையாகத் தெரிந்திருக்கும். அந்த ஒளிக்கம்பிக்குள் மட்டும் ஆயிரக்கணக்கான தூசிகள் மேலும் கீழுமாக மிதப்பது தெரியும். நூற்றொரு கோடி அண்டங்களும் அந்தத் தூசி போல ஆகும்படி அவன் பெரியவன் என்கிறார். இதைப் படித்து மெய்சிலிர்ப்பதை விட்டுவிட்டு இதில் ஹப்பிள் விதியைத் தேடுவது பாட்டுக்கு நாம் செய்யும் அநியாயம். நூற்றொரு கோடியை அளவீடாக எடுத்துக்கொண்டால் வேறு சங்கடமும் வரும்: காணக்கூடிய பிரபஞ்சத்தில் உள்ள கேலக்ஸிகளின் மதிப்பீடே பல்லாயிரம் கோடியைத் தாண்டுகிறது. அப்போது மாணிக்கவாசகர் குறைத்துச் சொன்னார் என்று ஆகிவிடும். அவர் எண்ணிச் சொல்லவில்லை. எண்ணுக்குள் அடங்காது என்றுதான் சொன்னார்.

கேள்வி (காயல்பட்டினம்): குர்ஆனின் 51ஆம் அத்தியாயம், 47ஆம் வசனம் பிரபஞ்ச விரிவைச் சொல்கிறது என்கிறார்களே?

வானத்தை ஆற்றலுடன் அமைத்தோம் என்று சொல்லி, ‘மூஸிஊன்’ என்ற சொல்லோடு அந்த வசனம் முடிகிறது. அகலம், வசதி, வல்லமை என்ற பொருள்களைத் தரும் வேரிலிருந்து வந்த சொல் அது. பழைய விரிவுரைகளில் ‘வல்லமை உடையவர்’ என்றும் ‘விசாலமாக்குபவர்’ என்றும் இரண்டு வகையிலும் பொருள் உண்டு. இரண்டாவது பொருள் இன்று முன்னுக்கு வந்ததற்கு 20ஆம் நூற்றாண்டின் வானியல் ஒரு முக்கியக் காரணம். இரண்டு பொருளையும் சேர்த்து வைத்துக்கொள்வதே அந்த மொழிக்கு நேர்மையாக இருக்கும்.

கேள்வி (ஸ்ரீரங்கம்): பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு. பூமியின் வயது 454 கோடி. இது தற்செயலா?

ஆம், தற்செயல்தான். 432 எப்படி வருகிறது என்று பார்த்தால் தெளிவாகும். கலியுகம் 4,32,000 ஆண்டு. அதைப் போல் துவாபரம் இரு மடங்கு, திரேதம் மூன்று மடங்கு, கிருதம் நான்கு மடங்கு. நான்கையும் கூட்டினால் ஒரு மகாயுகம், 43,20,000. அதன் ஆயிரம் மடங்கு ஒரு கற்பம், பிரம்மாவின் பகல்.

இந்த எண்ணுக்கு வானியலில் ஒரு வேலை இருந்தது. ஒரு மகாயுகத்தில் கோள்கள் எல்லாம் முழுச் சுற்றுகளாகவே சுற்றி முடிக்க வேண்டும், பின்னம் வரக் கூடாது. பழைய வானியல் நூலான சூரிய சித்தாந்தத்தில் ஒரு மகாயுகத்தில் சந்திரனின் சுற்று 5,77,53,336, நாட்கள் 157,79,17,828. வகுத்துப் பாருங்கள், ஒரு சுற்றுக்கு 27.32 நாள் வரும். இன்றைய அளவீடும் அதுவே. பின்னங்களைச் சுமக்காமல் முழு எண்களால் இவ்வளவு துல்லியத்தைப் பிடித்தார்களே, பெருமைப்பட வேண்டியது அதற்கு. பாபிலோனிய மரபிலும் பிரளயத்துக்கு முந்திய பத்து அரசர்களின் ஆட்சிக் காலம் 4,32,000 ஆண்டு என்று பெரோசஸ் எழுதியிருக்கிறார். அறுபதை அடியாகக் கொண்ட கணக்கில் இயல்பாக வந்து விழும் எண் அது.

கோயிலில் சங்கல்பம் சொல்லும்போது காது கொடுத்துக் கேளுங்கள்: ‘ஸ்வேதவராஹ கல்பே, வைவஸ்வத மன்வந்தரே, அஷ்டாவிம்சதிதமே கலியுகே’. இப்போது நடக்கும் பிரம்மாவின் பகலில் ஏழாவது மன்வந்தரம், அதில் இருபத்தெட்டாவது கலியுகம் என்று அன்றாடம் தேதி சொல்கிறோம். அதைக் கணக்கிட்டால், இந்தப் பகலில் கழிந்தது சுமார் 197 கோடி ஆண்டு. பூமியின் வயதோடு ஒப்பிட வேண்டுமானால் இந்த 197ஐத்தான் ஒப்பிட வேண்டும், முழுப் பகலை அல்ல. அது பொருந்தவில்லை. பொருந்தும் எண்ணை மட்டும் எடுத்துக்காட்டி, பொருந்தாததை விட்டுவிடுவது சரியல்ல.

கேள்வி (யாழ்ப்பாணம்): பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே இல்லை என்று நாளை நிரூபித்துவிட்டால் கடவுளின் நிலை என்ன? எல்லாம் குளிர்ந்து போய்விடும் என்கிறார்களே, அதுதான் சங்காரமா?

முதல் பாதிக்குப் பதில்: ஒன்றும் ஆகாது. ‘உலகம் எப்போது தொடங்கியது’ என்பதும் ‘உலகம் எதைச் சார்ந்து நிற்கிறது’ என்பதும் இரண்டு கேள்விகள். 13ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், உலகத்துக்குத் தொடக்கம் உண்டு என்பதை அறிவால் நிறுவ முடியாது, அதை விசுவாசத்தால் மட்டுமே ஏற்கிறோம் என்றார். தொடக்கமில்லாத உலகமாக இருந்தாலும் அது கடவுளைச் சார்ந்தே நிற்கும் என்பது அவர் வாதம். இஸ்லாமிய உலகில் கஸ்ஸாலி, உலகம் தொடங்கியது என்று வாதிட்டார். இப்னு ருஷ்த் மறுத்தார். இருவரும் இறைவனை நம்பியவர்கள்தான்.

சைவ சித்தாந்தம் இதை இன்னும் நேராகச் சொல்கிறது. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (தளை) மூன்றும் அநாதி, தொடக்கம் இல்லாதவை. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். அதுபோல் உலகுக்கு மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், இறைவன் நிமித்த காரணம். ஒன்றுமே இல்லாததிலிருந்து உலகம் வந்தது என்று சித்தாந்தி சொல்வதே இல்லை, இல்லது தோன்றாது. சிவஞானபோதத்தின் முதல் நூற்பா, தோன்றி நின்று ஒடுங்கும் இந்த உலகம் எதில் ஒடுங்குகிறதோ அதிலிருந்தே மீண்டும் தோன்றும் என்கிறது. ‘அந்தம் ஆதி’ என்ற இரண்டு சொல்லில் அது அடங்கியிருக்கிறது. ஆகவே ‘முதல் நொடி’ என்ற ஒன்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த வாதம் அசையாது. சமணத்தில் படைப்பவரே கிடையாது, உலகம் அநாதி. அவர்களும் பெருவெடிப்பால் கலங்க வேண்டியதில்லை.

இரண்டாவது பாதி கொஞ்சம் கடினம். 1998இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள், விரிவின் வேகம் குறையவில்லை, கூடிக்கொண்டே போகிறது என்று கண்டன. 2011இல் அதற்கு நோபல் பரிசு. இப்படியே தொடர்ந்தால் விண்மீன்கள் எரிந்து தீரும், கேலக்ஸிகள் ஒன்றையொன்று காணாத தூரத்துக்குப் போகும், எல்லாம் குளிரும். இதைச் சங்காரம் என்று சொல்ல முடியாது. பிறந்து பிறந்து களைத்த உயிர்கள் இளைப்பாற இறைவன் செய்யும் ஒடுக்கம் என்றே சிவஞான சித்தியார் அழித்தலை விளக்குகிறது. ஒடுக்கத்துக்குப் பின் மறுபடி தோற்றம் உண்டு. இன்றைய அளவீடுகள் காட்டும் குளிர்ந்த முடிவில் மீண்டு எழுவது இல்லை. ஒடுங்கித் தோன்றும் பிரபஞ்ச மாதிரிகளைச் சில இயற்பியலாளர்கள் முன்வைத்திருக்கிறார்கள். அவற்றை உறுதிசெய்யும் சான்று இதுவரை இல்லை. இங்கே சமயமும் அறிவியலும் ஒத்துப்போகவில்லை என்று ஒப்புக்கொண்டு, இரண்டையும் அதனதன் இடத்தில் வைத்துப் படியுங்கள்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. பல ஆயிரம் கோடி ஆண்டுகள் கழித்து நம் கேலக்ஸியில் ஒரு வானியலாளர் இருந்தால், அவருக்குத் தொலைவில் ஒரு கேலக்ஸியும் தெரியாது. ஆதி ஒளியின் எச்சமும் அளக்க முடியாத அளவுக்கு மங்கியிருக்கும். எவ்வளவு நல்ல தொலைநோக்கி வைத்திருந்தாலும், பிரபஞ்சம் விரிகிறது என்பதை அவரால் கண்டுபிடிக்க முடியாது. 656.3 எங்கே விழுகிறது என்று பார்க்க ஒளி வந்துகொண்டிருக்கும் காலத்தில் நாம் இருக்கிறோம்.